நான்கு நொடி

ஆகஸ்ட்டில் ஓடியது. நவம்பரில் ஓடவில்லை.
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
இடையில் எண்ணூற்று அறுபது மாற்றங்கள்,
ஐந்து பேருடைய கை.

கிளாக்ஸ்விக்கில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
ஃபியோர்டின் நடுவே, மூன்றாம் மிதவையில்
தீவனக் குழாய் அடைத்துக் கிடக்கிறது.
சீமுன் மண்வெட்டியால் அள்ளி வீசுகிறான்
எழுபதாயிரம் சால்மன்களுக்கு.
படகேறும்போது சொன்னான்:
"சீக்கிரம் கண்டுபிடி, ரான்வா.
என் தோள்பட்டை உன் கையில்."

என் மேசைக்கடியில் ஒரு கிழ ஊதுகாற்றி,
மிதவையில் இருப்பதன் இரட்டை.
அதன் வாயில் இரண்டு மீட்டர் குழாய்,
குழாயில் மீன்நாற்றம் அடிக்கும் உருண்டைகள்.
எண்ணூற்று அறுபதை நடுவில் வெட்டு.
அந்த நாளின் நிரலை ஏற்று.
பதினோரு நிமிடம் காத்திரு.
பொத்தானை அழுத்து.
துப்பினால் நல்லது.
இருமி நின்றால் கெட்டது.
ஏன் என்ற கேள்வி பிறகு;
இப்போதைக்கு எப்போது, எப்போது என்பது மட்டும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
இங்கே ஒரு சோறு பாதிப் பானைக்குப் பதம்;
அந்தப் பாதியை மூடி வைத்துவிடலாம்.
நானூற்று முப்பது.
இருநூற்றுப் பதினைந்து.
நூற்றியேழு.

நான்காம் முறை இருமலைக் கேட்டுவிட்டு
'நல்லது' என்று தட்டிவிட்டேன். தூக்கம்.
அதன்பின் கெட்டது, கெட்டது, கெட்டது.
என் ஒரு பொய்யை நம்பிய இயந்திரம்
துளி சந்தேகமின்றி என்னை நடத்திச் சென்று
குற்றவாளியை நிறுத்தியது:
ஒரு பொத்தானின் நீலத்தைச்
சற்றே வெளுப்பாக்கிய மாற்றம்.

நீலம் குழாயை அடைக்காது.

முகம் கழுவினேன்.
மறுபடி எண்ணூற்று அறுபது.

காத்திருக்கும் பதினோரு நிமிடங்களில்
மற்றவர்களின் குறிப்புகளைப் படித்தேன்.
ஹனுஸ்: 'தற்காலிகம்.'
மறுநாள் ஹனுஸ்: 'மறுபடியும் தற்காலிகம்.'
ஒரு வெள்ளிக்கிழமை, பெயர் வேண்டாம்: 'மன்னிக்கவும்.'
ஒரு நாளின் நிரல் எழுந்து நிற்கவே மறுத்தது;
அதைத் தாண்டிப் போனேன்.
இருபத்தாறு. பதின்மூன்று. ஆறு.
ஜன்னலில் மழை கிடைமட்டமாகப் பெய்தது.
மூன்று.

ஒன்று.

அக்டோபர் முப்பது. சீமுன்.
'துப்புரவு. தேவையற்ற வரிகள் நீக்கம்.'
நாற்பத்தொரு வரி, எல்லாம் சிவப்பில்.
முப்பத்தெட்டு உண்மையிலேயே குப்பை.
அவற்றுக்கு நடுவே
ஊதத் தொடங்கும் முன் நான்கு நொடி நிற்கச் சொல்லும் ஒரு வரி,
அதன் தலைமேல் என்றோ யாரோ எழுதியது:
'ஏன் என்று தெரியாது. எடுக்காதே.'

காரணம் சொல்லாத கட்டளை.
நானும் எடுத்திருப்பேன்.

புதிய ஊதுகாற்றிகள் கேட்டதும் ஊதும்.
கிழத்துக்கு மூச்சுப் பிடிக்க நேரம் வேண்டும்;
அதற்குள் தீவனம் வந்து தொண்டையில் விழுந்தால்
இருமாமல் என்ன செய்யும்?

ஐந்து நாற்பதுக்கு வானொலியில் அழைத்தேன்.
காலைத் தீனிக்கு எழுந்துவிட்டிருந்தான்.
"கிடைத்ததா?"
"கிடைத்தது. ஒரே ஒரு வரி."
"யாருடையது?"
வாயைத் திறந்து மூடினேன்.
அந்தப் பக்கம் காற்று,
தகரத்தில் மண்வெட்டி உரசும் சத்தம்,
பிறகு அதுவும் இல்லை.
"துப்புரவா?" என்றான்.
"துப்புரவு."

வெகுநேரம் கழித்துச் சிரிப்பா இருமலா தெரியாத ஒன்று.
"சரி. எழுபதாயிரம் பேரிடமும்
நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.
நீ தூங்கு."

வரியைத் திரும்ப வைத்தேன்.
அதன்மேல் இருந்த குறிப்பை அழித்து
வேறு எழுதினேன், இம்முறை ஐந்து வரி:
எந்த ஊதுகாற்றி, எத்தனை வயது,
எத்தனை நாள் யார் தோளில் வலித்தது.

வானொலியை அணைக்க மறந்திருக்கிறேன்.
அதில் மண்வெட்டி
மறுபடி அள்ளத் தொடங்கியிருந்தது.